உடனே புறப்பட்டு வரவும்

மலாக்கா காஜா பெராங்கில் சிஹாபுதீன் துணிக்கடை எங்கே என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் பிடிபடாது. தேவதாஸ் இருக்கிற கடை எங்கே என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். முதலாளி சிஹாபுதீனுக்கு இதில் உள்ளூரக் கொஞ்சம் கடுப்பு. முதல் போட்டவர் அவர், பெயர்ப்பலகை அவருடையது, பெயர் வாங்கிக்கொண்டவன் கணக்கெழுதுகிற தேவதாஸ். ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் ஆள் வருகிறது என்று அவருக்குத் தெரியும், அதனால் கடுப்பைக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

தேவதாஸுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது கடிதங்கள். அவனுடைய மேசைக்குப் பின்னால் சுவரில், புறாக்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள் வைத்த மரத்தட்டு ஒன்று தொங்கும். முனிசிபல் லயத்தின் வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள், செங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரர்கள், கிளேபாங்கில் மீன் கருவாடு போடுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் ஊரிலிருந்து வருகிற கடிதம் அந்தத் தட்டுக்குத்தான் வரும். லயத்து வாசலுக்கு எண் இருந்தாலும் நாகப்பட்டினத்தில் இருக்கிற அண்ணனுக்கோ தங்கைக்கோ அதைச் சரியாக எழுதத் தெரியாது. பெயரை எழுதி, கீழே ‘மே/பா சிஹாபுதீன் துணிக்கடை’ என்று போட்டுவிட்டால் கடிதம் வந்து சேர்ந்துவிடும். வந்ததைப் பிரித்துப் படித்துக் காட்டுவதும், பதில் எழுதித் தருவதும் தேவதாஸ். காசு வாங்கமாட்டான். கடிதம் கேட்க வந்தவர்கள் போகும்போது இரண்டு முழம் துணி கிழித்துக்கொண்டு போவார்கள், கடைக்கு அது போதும்.

அவன் படிக்கிற விதமே தனி. நல்ல செய்தியை நிறுத்தி நிறுத்திப் படிப்பான். கெட்ட செய்தி இருந்தால் முதலில் கண்ணால் ஓட்டிவிட்டு, தொண்டையைச் செருமி, ‘உட்காருங்கக்கா’ என்பான். அந்த ‘உட்காருங்கக்கா’வுக்கு லயத்துப் பெண்கள் நடுங்குவார்கள். தேவதாஸுக்கு இதெல்லாம் தெரியும், தெரிந்து கொஞ்சம் பெருமையும் படுவான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் தன்னைக் கெட்டிக்காரன் என்று நாலு பேர் சொல்லிக் கேட்க வேண்டும் என்கிற அரிப்பு அவனுக்கு உண்டு, வந்த வினையெல்லாம் அதனால் வந்தது.

அது மலாயா சுதந்திரம் வாங்கப் போகிற வருஷம். ஆகஸ்டு முடியும்போது மெர்டேகா என்று ஊரே கொடி தைத்துக்கொண்டிருந்தது. கொடி தைக்கிறவர்கள் எல்லாம் எதிர்த்த சாலைக் கடையில் துணி வாங்குவதைப் பார்த்து சிஹாபுதீனுக்கு வயிறெரிந்தது. மெர்டேகா மலிவு விற்பனை ஒன்று போடவேண்டும், அந்தச் செய்தி காஜா பெராங்கிலிருந்து குருபோங் வரைக்கும் நம் ஆட்கள் ஒவ்வொருவர் காதிலும் விழவேண்டும், எப்படி என்று நீயே யோசித்துச் சொல் என்று தேவதாஸிடம் பொறுப்பைக் கட்டிவிட்டார்.

தேவதாஸ் கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறவன் மாதிரி ஒவ்வொரு வழியாய்ப் பார்த்தான். பத்திரிகையில் விளம்பரம் போடலாம் என்றால், பத்திரிகை வாங்குகிறவர்கள் வாத்தியார்களும் ஆபீஸ் குமாஸ்தாக்களும். அவர்கள் உலகச் செய்தி படிப்பார்களே தவிர நம் கடைக்கு வந்து சேலை எடுக்கமாட்டார்கள் என்று முதலாளி ஒரே போடாய்ப் போட்டார். சினிமாக் கொட்டகையில் சிலைடு காட்டலாம் என்று ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தான். சிலைடு வருகிற நேரம்தான் ஜனங்கள் எழுந்து வெளியே ஓடுகிறார்கள், மிச்சமிருப்பவர்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறார்கள். ஒலிபெருக்கி கட்டிய கார் என்றால் அந்த மாதம் மலாக்காவில் ஓடியதெல்லாம் ஒலிபெருக்கி கட்டிய கார்தான். குடியுரிமைக்கு மனு போடுங்கள் என்று ஒன்று, ஊர்வலத்துக்கு வாருங்கள் என்று ஒன்று. அதற்கு நடுவில் வேட்டி சேலை என்று கத்தினால் யார் காது கொடுப்பார்கள்? கடைசியில் நோட்டீஸ் அடித்துச் சந்தைக்கு முன்னால் கொடுத்துப் பார்த்தான். கொடுத்துவிட்டுப் பின்னாலேயே நடந்தும் பார்த்தான். வாங்கியவர்கள் அதைக் கச்சாங் பூத்தேக்காரரிடம் நீட்டி, கடலையைச் சுருட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தர் கூடத் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இப்படி அவன் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த நாளில்தான் கடைக்கு ஒரு தந்தி வந்தது. குருபோங் தோட்டத்து ஆள் ஒருவருக்கு, கடை மேற்பார்வையில். தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தி மணியடித்ததும் கடை அப்படியே அடங்கிவிட்டது. பேரம் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள், துணி அளந்துகொண்டிருந்தவன் கஜக்கோலைக் கீழே வைத்தான். பழுப்பு உறையை வாங்கிப் பிரிக்கும் வரைக்கும் ஒருத்தர் கண் அசையவில்லை. உள்ளே எல்லாத் தந்தியிலும் இருக்கிற அதே வாசகம்தான். அப்பா சீரியஸ், உடனே புறப்பட்டு வரவும். சீரியஸ் என்றால் ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம், கப்பலேறப் போகிறவன் மனம் தாங்கவேண்டும் என்று ஊர்க்காரர்கள் அப்படி அடிப்பார்கள். இது மலாயாவில் இருக்கிற தமிழர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

மற்றவர்கள் ‘ஐயோ பாவம்’ என்றார்கள். தேவதாஸும் சொன்னான். ஆனால் சொல்லிக்கொண்டே அவன் மனசு வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. பிரிக்காமல் யாரும் தூக்கிப் போடாத தாள் உலகத்தில் இது ஒன்றுதான்.

இரண்டு நாளில் எல்லாம் தயார். தந்தி உறை மாதிரியே பழுப்பு உறை. உள்ளே ஒற்றைத் தாள். தலைப்பில் அச்சகத்தில் இருந்ததிலேயே பெரிய எழுத்தில் ‘உடனே புறப்பட்டு வரவும்’. பெரிய எழுத்து அதோடு தீர்ந்துபோனதால் கீழே பொடி எழுத்தில் சிஹாபுதீன் துணிக்கடையில் மெர்டேகா மலிவு விற்பனை, பருத்திச் சேலை, மல் வேட்டி, பாவாடைத் துணி, விலை இன்னது இன்னது. முதலாளி அதைப் பார்த்துத் தொடையைத் தட்டிச் சிரித்தார். யாருக்கு அனுப்புவது என்கிற கேள்வியே எழவில்லை. மரத்தட்டில் யார் யாருக்கு அறை இருக்கிறதோ அவர்கள் எல்லோருக்கும். ஊர்க் கடிதம் வரட்டும் என்று நம்பிக் கொடுத்த பெயர்கள் அவை. அந்த நேரத்தில் தேவதாஸுக்கு அது தோன்றவே இல்லை, தோன்றியிருந்தாலும் என்ன செய்திருப்பான் என்று சொல்ல முடியாது.

அவன் மனைவி ஜெயாவுக்கு மட்டும் தோன்றியது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுக்கு இது போனால் என்ன ஆகும் என்று கேட்டாள். தேவதாஸ் அதற்கும் பதில் வைத்திருந்தான். படிக்கத் தெரியாதவர்கள் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம்தானே ஓடி வருவார்கள், கடைக்குள் கால் வைத்துவிட்டால் துணி வாங்காமலா போவார்கள் என்றான். ஜெயா அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைத் தன் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த மரியாதையாக அவன் எடுத்துக்கொண்டான்.

தபாலில் போட்டால் சாதாரணக் கடிதத்தோடு சேர்ந்துவிடும் என்று, கொண்டுபோய்க் கொடுக்கவும் தனி ஆள் பிடித்தான். கம்போங் செட்டியில் இருக்கிற பொன்னுதுரை. சைக்கிள் வைத்திருந்தார், காக்கிச் சட்டை போடுவார், மணியை ஓங்கி அடிப்பார். நெற்றியில் பட்டையாக விபூதி, பெயர் பொன்னுதுரை, ஆனால் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மற்ற மலாக்காச் செட்டிகளைப் போல அவருக்கும் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது, வீட்டிலும் வெளியிலும் மலாய்தான். உறையில் ஆங்கில எழுத்தில் பெயரும் வாசல் எண்ணும் எழுதிக் கொடுத்தான் தேவதாஸ். அதைப் பார்த்து அவர் காலையிலேயே கிளம்பிவிட்டார்.

மத்தியானத்துக்குள் கடையில் நிற்க இடமில்லை. உறையைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். சிலர் முகம் வெளுத்து வந்து, விஷயம் தெரிந்ததும் தேவதாஸைச் செல்லமாய்த் திட்டினார்கள். ஒருத்தி அவன் முதுகில் உறையாலேயே ஓர் அடி வைத்தாள். திட்டினாலும் பயம் போன சந்தோஷத்தில் ஆளுக்கொரு சேலை எடுத்தார்கள். உயிர் திரும்பக் கிடைத்தவர்கள் விலை பேசுவதில்லை என்பதை அன்றைக்கு முதலாளி கண்டுபிடித்தார். தேவதாஸுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் முனிசிபல் லயத்துச் சாரதாம்பாள் வந்தாள். செங் தோட்டத்திலிருந்து லயத்துக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்து, பிரித்த தாளை அவன் முன்னால் வைத்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“பூங்காவனத்துக்கு வந்திருக்கு தம்பி. மேல இருக்கிறதை நான் படிச்சிட்டேன். கீழ பொடி எழுத்தா இருக்கு, கண்ணுல தண்ணி வந்து தெரியல. எப்ப, எப்படின்னு போட்டிருக்கும், படிச்சுச் சொல்லுங்க.”

தேவதாஸ் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சுற்றி நின்ற பெண்கள் கையில் இருந்த உறைகளைச் சாரதாம்பாள் அதற்குள் பார்த்துவிட்டாள். கடை இரண்டாம் முறை அடங்கியது. “பருத்திச் சேலை, மல் வேட்டி,” என்றான் தேவதாஸ், வாய் தானாகப் படித்தது.

“இது உங்க வேலையா தம்பி? அப்ப நீங்களே வந்து பாருங்க,” என்றாள் சாரதாம்பாள்.

பூங்காவனம் சந்தையில் கூட்டிப் பெருக்குகிறவள். அவள் புருஷன் சுப்பையன் தங்கை கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போய், கல்யாணம் முடிந்தும் திரும்பாமல் இருந்தான். அவனிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்திருந்தது, தேவதாஸ்தான் படித்தான். இருமல் கொஞ்சம் இருக்கிறது, மற்றபடி சௌக்கியம், மழைக்கு முன்னால் கப்பலேறிவிடுவேன் என்று இருந்தது. இருமல் என்கிற சொல்லை மட்டும் அவள் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. கடைப்பக்கம் வரும்போதெல்லாம் மரத்தட்டில் தன் அறையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவாள். இவ்வளவும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் பெயரைத் தன் கையால் அந்தப் பழுப்பு உறையில் எழுதியிருக்கிறான்.

போகிற வழியெல்லாம் சாரதாம்பாள் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள். சைக்கிள் மணி கேட்டதுமே பூங்காவனம் இவளைக் கூப்பிட்டுவிட்டாள். கொண்டுவந்தவரிடம் சாரதாம்பாள் என்ன சேதி என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ‘தா தாவு’ என்றார், எனக்குத் தெரியாது என்று. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. ஆனால் நெற்றி நிறைய விபூதி, அவருக்குத் தமிழ் தெரியாது என்றால் செட்டி கம்போங்கைப் பற்றி அறியாத சாரதாம்பாள் எப்படி நம்புவாள்? சேதி தெரியும், வாயால் சொல்ல மனசில்லை, அதனால் தலையைக் குனிகிறார் என்று நினைத்துக்கொண்டாள். உறையைப் பிரித்தாள். தலைப்பைப் படித்தாள். அதற்குக் கீழே படிக்க அவளுக்கு என்ன இருக்கிறது? பூங்காவனம் இரண்டு கையையும் நிலைப்படியில் அடித்து வளையலை உடைத்தாள். லயத்துப் பெண்கள் அவள் தலையில் தண்ணீர் ஊற்றி, குங்குமத்தைத் துடைத்துவிட்டார்கள்.

தேவதாஸ் போனபோது அவள் ஈரத்தலையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். வாசலில் பச்சையும் சிவப்புமாய் வளையல் துண்டுகள் யாரும் கூட்டாமல் கிடந்தன. அவன் அவற்றை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனான். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து, வாய் குழறி, கடைசியில் தாளை மேலிருந்து கீழ்வரை படித்துக் காட்டினான். கடை பெயரையும் விட்டுவைக்கவில்லை.

“கீழ இருக்கிறது எல்லாம் துணி விலையா தம்பி?” என்று கேட்டாள்.

“விலைதான்க்கா.”

“அப்ப அவரு நல்லா இருக்காரு.”

தேவதாஸ் தலையை ஆட்டினான். சுப்பையன் எப்படி இருக்கிறான் என்று அவனுக்கு என்ன தெரியும்? ஆனால் அந்த நேரத்தில் அவள் எதைக் கேட்டிருந்தாலும் தலையை ஆட்டியிருப்பான். அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் அவன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். அவள் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அந்தக் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

திட்டவேண்டிய பங்கையும் சேர்த்துச் சாரதாம்பாள் திட்டினாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது குங்குமத்தை அழித்தது சும்மா போகுமா, அது அவன் தலையில் அல்லவா விடியும் என்றாள். பூங்காவனம் அதைக் கேட்டும் கேட்காதவள் போல இருந்தாள். சாயங்காலம் பெண்கள் அவளைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போய், அர்ச்சனை செய்து, புதிதாய்க் குங்குமம் வைத்துக் கூட்டி வந்தார்கள். தேவதாஸ் கண்ணாடி வளையல் வாங்கி ஜெயாவிடம் கொடுத்தனுப்பினான். தானே போய்க் கொடுக்க முகம் இல்லை. ஆனால் லயத்தை விட்டுக் கிளம்பும்போது பூங்காவனத்திடம் ஒன்று சொல்லியிருந்தான். இனிமேல் கடையிலிருந்து இந்த மாதிரி ஒன்று வரவே வராது என்று.

அன்றிலிருந்து அவனால் மரத்தட்டைப் பார்க்க முடியவில்லை. சுப்பையனுக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினான். வீட்டில் கவலைப்படுகிறார்கள், இரண்டு வரியாவது உடனே எழுதவும் என்று. பதில் வரவில்லை. தபால்காரர் வரும்போதெல்லாம் ஓடிப்போய்க் கடிதக் கட்டை வாங்கிப் புரட்டினான். சாப்பாட்டில் உட்கார்ந்தால் நிலைப்படியும் வளையல் துண்டும் கண்ணுக்கு முன்னால் வந்தன. நாம் எழுதின ஒரு வரி கடலைத் தாண்டிப் போய் ஒருத்தனைச் சாய்த்துவிடுமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வான். அதெப்படிச் சாய்க்கும் என்று பதிலும் சொல்லிக்கொள்வான். இருந்தும் ஜெயா நெற்றியில் குங்குமம் வைக்கிற நேரம் பார்த்து அவன் அறையை விட்டு வெளியே போக ஆரம்பித்தான்.

மெர்டேகா வந்தது, கொடி ஏறியது, வெடி வெடித்தார்கள். தீபாவளி நெருங்கியது. சிஹாபுதீன் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டு, அந்தத் தந்தி உறையை மறுபடி அடித்துவிடு என்றார். தேவதாஸ் பூங்காவனத்தின் கதையைச் சொன்னான். அவர் உச்சுக்கொட்டினார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, ஒருத்திக்கு அப்படி ஆகிவிட்டது, அதற்காக அத்தனை வியாபாரத்தையும் விட முடியுமா, நீ வாசகத்தை மாற்றிக்கொள், உறை அதேதான் இருக்கவேண்டும், உறைதான் ஆளை இழுக்கிறது என்றார். முடியாது முதலாளி என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டிய இடம் அது. தேவதாஸ் வாயைத் திறந்தான். வேறு உறை போடலாமே என்று இழுத்தான். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும், சரி முதலாளி என்று முடித்துவிட்டான்.

வாசகத்தை மாற்றினான், ‘தீபாவளி நல்வாழ்த்து’ என்று. பூங்காவனத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டான். அவள் வீட்டுக்குப் போகாவிட்டால் தான் கொடுத்த வாக்கு நின்றுவிடும் என்று மனசுக்கு ஒரு கணக்குச் சொல்லிச் சமாதானமானான். பக்கத்து வாசல் எல்லாவற்றுக்கும் அதே பழுப்பு உறை போகிறது என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பொன்னுதுரைக்கோ இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. குழாயடியில் நின்ற பூங்காவனத்தைப் பார்த்ததும், பாவம் இவளுக்கு மட்டும் விட்டுப்போயிற்றே என்று கையில் மிஞ்சியிருந்த ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த முறை யாரும் அழவில்லை. தேவதாஸ் பயந்து பயந்து சாரதாம்பாளிடம் விசாரித்தபோது அவள் சிரித்தாள். உறையைப் பிரிக்கக்கூட இல்லையாம். கடைக்காரர் தந்தி வந்திருக்கு, அடுப்பு மூட்ட நல்ல காய்ந்த தாள் என்று லயத்தில் எல்லோரும் எடுத்து வைத்துக்கொண்டார்களாம். பூங்காவனமும் சிரித்தாளா என்று கேட்டான். அவள்தான் முதலில் சிரித்தாள் என்றாள் சாரதாம்பாள். தேவதாஸுக்கு நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கினாற்போல் இருந்தது. அப்படி இறங்கியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

தீபாவளி போய் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை, கடை திறந்து தூசி தட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பொன்னுதுரை இல்லை, தந்தி ஆபீஸ் ஆள். பூங்காவனம், மேற்பார்வை சிஹாபுதீன் துணிக்கடை. தேவதாஸ் கையெழுத்துப் போட்டு வாங்கினான். கடிதமானாலும் தந்தியானாலும் பிரித்துப் படிப்பது அவன் வேலை, பிரித்தான். ஆங்கிலத்தில் ஒரே வரி. சுப்பையன் சீரியஸ், ஸ்டார்ட் இமிடியட்லி. அனுப்பியவன் சுப்பையனின் மைத்துனன்.

சாரதாம்பாளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தான். ஜெயாவை அனுப்பலாமா என்று நினைத்தான். தொண்டையைச் செருமி ‘உட்காருங்கக்கா’ என்று சொல்லிப் பார்த்தான், ஆளில்லாத கடையில். பிறகு தாளை மடித்து அதே உறைக்குள் வைத்துக்கொண்டு, குடை எடுக்க மறந்து, மழையிலேயே லயத்துக்கு நடந்தான்.

பூங்காவனம் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். கை நிறைய ஜெயா கொடுத்த வளையல். நனைந்து நின்றவனைப் பார்த்ததும் உள்ளே வரச் சொன்னாள். அவன் நீட்டிய பழுப்பு உறையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தீபாவளிதான் முடிஞ்சிருச்சே தம்பி. இப்ப என்னா, பொங்கலுக்கா?”

வாங்கி, பிரிக்காமலே, அடுப்புக்குப் பக்கத்தில், எரிக்கிற தாள் போட்டு வைக்கிற தகரத்தில் வைத்தாள். அந்தத் தகரத்தில் ஏற்கெனவே அதே நிறத்தில் ஓர் உறை இருந்தது. தேவதாஸ் தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட செய்தியைப் பக்குவமாய்ச் சொன்ன வாய் அவனுடையது.

“அக்கா, இது கடையோடது இல்லக்கா. நெசமான தந்தி.”

“அப்படித்தான் சொல்லுவீங்க,” என்றாள், இன்னும் சிரித்தபடி. அவன் சிரிக்கவில்லை. அவன் முகத்திலிருந்து வழிந்தது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தகரத்திலிருந்து உறையை எடுத்துப் புடவையில் துடைத்தாள், அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

தேவதாஸ் பிரித்தான். உட்காருங்கக்கா என்று சொல்ல வாய் வரவில்லை, அவள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள். தமிழில் சொன்னான். சுப்பையனுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே புறப்பட்டு வரவும்.

அவள் அழவில்லை. வளையல் போட்ட இரண்டு கையையும் மடிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

“கீழ படிங்க தம்பி,” என்றாள். “கீழ விலை போட்டிருக்கும். அன்னிக்கும் அப்படித்தானே, நாங்கதான் கீழ படிக்காம விட்டுட்டோம். நல்லாப் பாத்துப் படிங்க.”

தேவதாஸ் தாளைக் கீழே வரைக்கும் பார்த்தான். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். பருத்திச் சேலை என்று ஒரு வார்த்தை அதில் இருக்கக்கூடாதா என்று அவனும்தான் தேடினான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே ஒன்றும் இல்லை.